நெடுங்கேணியிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: அறையிலேயே சமைக்கக்கூடிய புரதச் சாப்பாடு

வன்னியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் உயர் கல்வி நிறுவனங்களுக்கும் போகும் பிள்ளைகளில் பலர் மூன்று நேரமும் ஏதோ ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் உடல் தேறுவதில்லை. விரிவுரையில் தூக்கம், மாலையில் தலையிடி, சோதனைக் காலத்தில் காய்ச்சல். கேட்டால் "சாப்பிட்டனான்தானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் சாப்பிட்டது பெரும்பாலும் சோறும் பாணும். உடலைக் கட்டும் புரதம் அதில் பாதிகூட இருக்காது.

இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களுக்குப் பொதி கட்டிக் கொடுக்கும் அம்மாமாருக்கும். ஒரு றைஸ் குக்கரும் ஒரு கேத்திலும் மட்டுமே உள்ள அறையில், ஊரில் விளையும் தானியங்களைக் கொண்டு எப்படிச் சத்தாகச் சாப்பிடலாம் என்பதை ஒழுங்காக எழுத முயல்கிறேன். நான் நெடுங்கேணியைச் சேர்ந்தவள். பம்பைமடுவில் படித்தவள். நான் சேர்ந்தபோது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். நான்கு பேர் ஒரு வாடகை அறையில் சமைத்துச் சாப்பிட்டோம். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த அறையில் செய்து பார்த்தவை.

"வயிறு நிறைந்தால் போதும்" என்ற பழக்கம்

2009இல் எங்களில் பலர் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் சேர்ந்த கஞ்சியில் உயிர் தப்பினோம். பிறகு மெனிக்பாமில் நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அந்த நாட்களில் வயிறு நிறைவதே பெரிய காரியம். அந்தக் கஞ்சி உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால் அது வளரும் உடலுக்குப் போதுமான உணவு அல்ல. போர் முடிந்து வருடங்கள் போன பின்னும் "முதலில் சோறு, மிச்சம் இருந்தால் கறி" என்ற கணக்கு பல வீடுகளில் மாறவில்லை. பிள்ளை வெளியூர் போனதும் அந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. கையில் உள்ள காசில் முதலில் வெட்டப்படுவது மீனும் முட்டையும் பயறும்தான்.

வீட்டுக்குக் காசு மிச்சம் பிடித்து அனுப்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா இல்லாத வீடு, காயத்தோடு வாழும் அம்மா, பள்ளிக்கூடம் போகும் தம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மலிவாகவும் சத்தாகவும் சாப்பிட வழி இருக்கும்போது, சாப்பாட்டில் காசு மிச்சம் பிடித்து உடலை இழக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 42 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். தானியம், பருப்பிலிருந்து வரும் புரதம் மீன், முட்டைப் புரதத்தைப் போல் முழுமையாகச் சமிப்பதில்லை. ஆகவே மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இதைவிடக் கொஞ்சம் கூடச் சாப்பிடுவது நல்லது. விளையாட்டு, தோட்ட வேலை, கூலி வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கும் அப்படித்தான்.

இப்போது ஒரு பிள்ளையின் வழமையான நாளைப் பார்ப்போம். காலையில் தேத்தண்ணியும் மூன்று பிஸ்கற்றும்: 2 கிராம். மத்தியானம் சோற்றுப் பார்சலில் சோறு 9 கிராம், ஒரு கரண்டி பருப்பு 3 கிராம், மரக்கறி 2 கிராம். இரவில் பாணும் சம்பலும் 9 கிராம். மொத்தம் 25 கிராம். வயிறு மூன்று முறை நிறைந்தது. தேவையில் அரைவாசியைக் கொஞ்சம் தாண்டித்தான் கிடைத்தது.

முட்டைக் கணக்கு

கிராம் கணக்கை ஒவ்வொரு நாளும் பார்க்க யாருக்கும் பொறுமை இராது. நாங்கள் அறையில் வைத்திருந்தது ஒரு முட்டைக் கணக்கு. ஒரு முட்டையில் 6 முதல் 7 கிராம் புரதம் உண்டு. அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பங்கு:

- முட்டை: 1
- பயறு, கௌபி, உளுந்து, மைசூர்ப் பருப்பு: சமைக்காத அளவில் 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி
- கடலை: 35 கிராம், நிறைந்த ஒரு கைப்பிடி
- கச்சான்: 30 கிராம், ஒரு கைப்பிடி
- சோயாமீற்: உலர்ந்த அளவில் 15 கிராம்
- நெத்தலிக் கருவாடு: 15 கிராம் (உப்பும் ஈரமும் கூடினால் புரதம் குறையும்)
- மீன் அல்லது கோழி இறைச்சி: எலும்பு, முள் இல்லாமல் 35 கிராம், சிறிய துண்டு ஒன்று
- பால்மா: 30 கிராம், குவித்த மூன்று மேசைக்கரண்டி
- வீட்டுச் சத்துமா: 50 கிராம்

சோறும் பாணும் சேர்ந்து ஒரு நாளில் 15 முதல் 18 கிராம் தந்துவிடும். மிச்சத்துக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு போதும். இரவு படுக்கப் போகுமுன் "இன்றைக்கு எத்தனை பங்கு?" என்று விரல் விட்டு எண்ணலாம். இரண்டுக்குக் கீழே இருந்தால் அன்று உடலுக்குக் கடன்.

எது மலிவு என்று கண்டுபிடிப்பது எப்படி?

விலைகளை இங்கே எழுதவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுகின்றன. 2020இல் உளுந்து, பயறு இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விலை ஏறியதும், 2022 நெருக்கடியில் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றதும் நினைவிருக்கும். ஆகவே கணக்குப் பார்க்கும் முறையைத் தெரிந்து வைத்திருப்பதே நல்லது.

பொருளின் விலையை அதில் உள்ள பங்குகளின் எண்ணிக்கையால் பிரியுங்கள். ஒரு கிலோ பயறில் 33 பங்கு. ஒரு கிலோ கடலையில் 28 பங்கு. 400 கிராம் பால்மாப் பைக்கற்றில் 13 பங்கு. 100 கிராம் நெத்தலியில் 6 அல்லது 7 பங்கு. கடையில் அன்றைய விலையை வைத்துப் பிரித்துப் பார்த்தால் எது ஏமாற்றம் என்று உடனே தெரியும். உடற்பயிற்சி நிலையங்களில் விற்கும் டப்பாப் புரதமாவையும் இப்படியே கணக்குப் பாருங்கள். நான் பார்த்த வரையில், பயறும் கௌபியும் சோயாமீற்றும்தான் பட்டியலின் மலிவான முனையில் நிற்கும். முட்டை நடுவில் நிற்கும். பால்மா மேல் முனையில்.

எங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வவுனியா மாவட்டம் உளுந்துக்குப் பெயர்போனது. நெடுங்கேணிப் பக்கத்து மேட்டுக்காணிகளில் மாரி மழையோடு விதைக்கும் உளுந்து தை, மாசியில் வீடு வரும். கச்சான், பயறு, கௌபி, எள்ளும் அந்த மண்ணில் விளைபவைதான். விளைந்ததை எல்லாம் மூட்டையாக விற்றுவிட்டு, பிள்ளை நகரத்தில் பிஸ்கற் வாங்கிச் சாப்பிடுவது நட்டக் கணக்கு. மூட்டை கட்டும்போதே பிள்ளைக்கென்று 5 கிலோவை ஒதுக்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை

விடுமுறை முடிந்து புளியங்குளம் பஸ் ஏறும்போது பையில் இவை இருந்தால் ஒரு மாதம் பயமில்லை:

- பயறு 1 கிலோ, கௌபி 1 கிலோ, கடலை அரைக் கிலோ. நல்ல வெயிலில் காயவிட்டு, ஆறிய பின் இறுக மூடும் போத்தலில் போடவும். இரண்டு காய்ந்த மிளகாயும் போட்டால் வண்டு குறைவு.
- வறுத்த உளுத்தம்மா அரைக் கிலோ.
- சத்துமா 1½ கிலோ.
- தலை நீக்கி, கழுவி, காயவிட்டு, எண்ணெய் இல்லாமல் வறுத்த நெத்தலி 200 கிராம்.
- வறுத்த கச்சான், எள்ளுருண்டை.
- வீட்டுத் தூள், புளி, உப்பு, ஒரு சிறிய போத்தல் நல்லெண்ணெய்.

சத்துமாவின் அளவு இது: குரக்கன் 500 கிராம், சிவப்புப் பச்சையரிசி 250, பயறு 250, உளுந்து 150, கடலை 150, கச்சான் 150, எள் 50. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். கச்சானையும் எள்ளையும் வீட்டில் இடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை மில்லில் அரைப்பித்துக் கடைசியில் கலக்கவும். எண்ணெய்த் தன்மை உள்ள இரண்டையும் மில்லில் போட்டால் மா கட்டிபடும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் கச்சான் சிக்கு மணக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

றைஸ் குக்கரில் செய்யக்கூடியவை

*பயற்றஞ்சோறு.* ஒரு கப் அரிசிக்கு அரைக் கப் பயறு. பயறை இரவே ஊறவிடவும். காலையில் அரிசி, பயறு, உரித்த உள்ளி நாலு பல், மஞ்சள், உப்பு போட்டு மூன்று கப் தண்ணீர் விடவும். குத்தரிசி என்றால் இன்னும் அரைக் கப். குக்கர் நின்றதும் ஒரு பிடி முருங்கை இலையைத் தூவிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே அவிந்துவிடும். இரண்டு பேருக்குக் காணும். அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறு பயறில் உண்டு. பயறில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் நிறைவாகும். எங்கள் ஆச்சிமார் பயறையும் சோற்றையும் சேர்த்தது சும்மா இல்லை.

*கௌபி அல்லது கடலை அவியல்.* இரவு எட்டு மணிநேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிக்கவும். கௌபி அரை மணிநேரத்தைச் சுற்றி அவியும். கடலைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். தண்ணீர் வற்றாமல் பார்க்கவும். உப்பு, வெட்டிய வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்தால் காலைச் சாப்பாடு. கடைசியில் அரைத் தேசிக்காய் பிழியுங்கள்.

*சோயாமீற் பிரட்டல்.* கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, இன்னொருமுறை கழுவிப் பிழிந்தால் அந்தப் பச்சை மணம் போய்விடும். குக்கரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, தூள் வதக்கி, சோயாவையும் கால் கப் தண்ணீரையும் விட்டுப் பிரட்டவும். பைக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம். வீட்டுத் தூள் இருந்தால் அது தேவையே இல்லை.

*முட்டை.* தனியாக அவிக்கத் தேவையில்லை. சோறு அவியும்போது மேலே வைக்கும் ஆவித்தட்டில், நன்றாகக் கழுவிய முட்டைகளை வைத்தால் இரண்டும் ஒரே மின்சாரத்தில் முடியும்.

*உளுத்தங்களி.* பெரியபிள்ளையானவர்களுக்கு எங்கள் வீடுகளில் கொடுக்கும் அதே களிதான். நான்கு கரண்டி வறுத்த உளுத்தம்மாவைக் குளிர்ந்த தண்ணீரிலோ தேங்காய்ப்பாலிலோ கட்டியில்லாமல் கரைத்து, குக்கரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறவும். இறுகி வரும்போது சர்க்கரையும் நல்லெண்ணெயும். சோதனைக் காலத்தில் இரவுச் சாப்பாடாக இதைவிட நல்லதை நான் காணவில்லை.

நெருப்பே இல்லாத அறை என்றால்

பல விடுதிகளில் மின்சார அடுப்பும் குக்கரும் தடை. அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. ஒரே வயரில் நாலு பேர் குக்கரும் கேத்திலும் செருகினால் வயர் உருகும். ஒளித்து வைத்துச் சமைக்க வேண்டாம். பொதுச் சமையலறை கேட்டு எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அதுவரைக்கும் இவை இருக்கின்றன:

- சத்துமாவை கொதித்து ஆறிய சுடுநீர், தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீனியோடு குழைத்து உருண்டை பிடிப்பது. மா ஏற்கெனவே வறுத்தது என்பதால் அடுப்பு தேவையில்லை.
- வறுத்த நெத்தலியோடு வெங்காயம், செத்தல்மிளகாய், தேசிப்புளி சேர்த்த சம்பல். பாணுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் பொருந்தும்.
- ரின்மீனை வடித்து வெங்காயம், மிளகு, தேசிப்புளியோடு பிசைந்து பாணுக்குள் வைப்பது. திறந்த ரின்னை மிச்சம் வைக்காமல் நாலு பேர் சேர்ந்து முடியுங்கள்.
- கச்சான் ஒரு கைப்பிடி, எள்ளுருண்டை ஒன்று.
- கடையில் வாங்கும் அவித்த கடலை, தயிர், அவித்த முட்டை.

முளைப்பயறும் நல்லது. எட்டு மணிநேரம் ஊறவிட்டு, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்தால் முளை வரும். ஆனால் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தவை. ஆகவே பச்சையாகச் சாப்பிடாமல் ஐந்து நிமிடமாவது ஆவியில் அவித்துச் சாப்பிடுங்கள். அடுப்பு இல்லாத அறைக்கு இது உகந்ததல்ல.

ஒரு நாள், கணக்கோடு

காலை: கௌபி அவியல், 40 கிராம் கௌபியில் - 9 கிராம்.
மத்தியானம்: சோறு 9, பருப்புக்கறி 7, நெத்தலிச் சம்பல் 7.
மாலை: சத்துமா உருண்டை 50 கிராமில் - 7.
இரவு: 100 கிராம் பாண் 8, அவித்த முட்டை 6.

மொத்தம் 53 கிராம். முன்னர் பார்த்த 25 கிராம் நாளைவிட இரண்டு மடங்குக்கு மேல். கூடுதலாகச் செலவான நேரம், முதல் இரவில் கௌபியை ஊறப்போடுவதையும் சேர்த்து, அரை மணிநேரத்துக்கு உள்ளேதான். குக்கர் வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் குறிப்பெழுதலாம்.

கவனிக்க வேண்டியவை

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா போன்றவை அதே இரும்புச்சத்தை எடுக்க உதவும். மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது முக்கியம். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்று தொடர்ந்து இருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பாமல் வைத்தியசாலையில் இரத்தம் பரிசோதியுங்கள்.

வன்னி வெயிலில் சமைத்த சோறு சீக்கிரம் பழுதாகும். காலையில் வைத்த தேங்காய்ப்பால் கறியை இரவுக்கு வைக்க வேண்டாம். பருப்பும் சோயாவும் புளித்த மணம் வந்தால் சூடாக்கினாலும் நஞ்சு போகாது. கொட்டிவிடுங்கள்.

வவுனியா மாவட்டம், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் பகுதிகளில் ஒன்று. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கருவாட்டின் உப்பும் அவர்களுக்கு ஆகாது. போர்க் காயங்கள் உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்குப் புண் ஆறப் புரதம் கூடத் தேவைப்படும். அவர்களும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

ஒரு பானை, நாலு கை

தனியே சமைப்பவருக்கு எல்லாமே செலவும் அலுப்பும்தான். நாலு பேர் சேர்ந்தால் ஒரு கிலோ பயறு வீணாகாது, ஒரு ரின்மீன் மிஞ்சாது, முறை வைத்தால் ஒருவர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் சமைக்க வேண்டும். எங்கள் அறையில் ஒரு பெரிய போத்தல் இருந்தது. வீட்டுக்குப் போய் வருபவர் கொண்டு வந்ததை அதில் கொட்டுவோம். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களில் ஒருத்திக்கு வீட்டிலிருந்து கொண்டுவர எதுவும் இருக்கவில்லை. அவள் விறகடுப்பில் வளர்ந்தவள், சமையலில் எங்களைவிடக் கெட்டிக்காரி. நாலு வருடமும் அவள் எங்களோடு ஒரே அளவு சாப்பிட்டாள், ஒருநாளும் கடன்பட்டவளாக உணரவில்லை என்று பின்னர் சொன்னாள்.

அறிவியல்நகரிலோ, பம்பைமடுவிலோ, யாழ்ப்பாணத்திலோ, பேராதனையிலோ அறை எடுக்கும் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே அப்படி ஒரு போத்தலை வைத்துவிடுங்கள். "பசிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கும் ஒருவர் உங்கள் அறையில் இருக்கக்கூடும். அவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஒரு கைப்பிடி பயறைக் கூடப் போட்டு அவித்து, கோப்பையை அவர் பக்கம் நகர்த்துங்கள்.